மடைகாத்தாரின் காலர்

அக்டோபர் 7, திங்கள்

இந்த டைரி பொங்கலுக்குச் சிமெண்டுக் கடைக்காரர் கொடுத்தது. ஒன்பது மாதமாக இதில் ஜாக்கெட் அளவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டவுசர் அளவும்தான் எழுதி வந்தேன். இன்று முதல் வரலாறு எழுதப் போகிறேன்.

காரணம் இருக்கிறது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஊராட்சிக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஒவ்வோர் ஊரும் தன் மண்ணில் வாழ்ந்து மறைந்த பெரியவர் ஒருவருக்கு வருடக் கடைசிக்குள் நினைவுச் சின்னம் வைக்க வேண்டுமாம். வைக்கிற ஊருக்கு ஒன்றியத்தின் வரலாற்று மலரில் இரண்டு பக்கம். பக்கத்து ஊரான ஆலங்குழிக்காரர்கள் அதற்குள் ஒரு சிலம்ப வாத்தியாரைக் கண்டுபிடித்துப் பீடமும் கட்டிவிட்டார்கள். அந்த வாத்தியார் சிலம்பம் சுற்றி யாரும் பார்த்ததில்லை. கம்பு வைத்துக்கொண்டு மாடு மேய்த்ததைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சிறுமடைக்குளத்துக்கு அந்தக் கவலை கிடையாது. எங்களுக்கு மடைகாத்தார் இருக்கிறார். 1931 வெள்ளத்தில் குளத்து மடை உடைந்தபோது, அந்த உடைப்பில் தானே குறுக்கே குப்புறப் படுத்துத் தண்ணீரை மறித்த கோமதிநாயகம் அவர்கள். ஊர் பிழைத்தது. அவருக்கு ஆயுசு முழுக்க ஜலதோஷம். அவர் பெயரில் 1983இல் தொடங்கிய வாசகசாலைக்கு அன்றுமுதல் நான்தான் செயலாளர். கார்த்திகை மாத நினைவு நாளில் அவர் படத்துக்கு முதல் மாலை போடுவது செயலாளரின் உரிமை. நாற்பத்தோரு வருடமாக என் கை மாலைதான்.

ஊராட்சித் தலைவர் தெய்வக்கனி அம்மாள் கூட்டம் போட்டு, பஸ் நிறுத்தத்தில் மார்பளவுச் சிலை என்று முடிவு செய்துவிட்டார். பீடத்தில் கல்வெட்டும் உண்டு. அதன் கடைசி வரி, 'நாற்பத்தோரு ஆண்டுச் செயலாளர் திரு. பலவேசம், டெய்லர்.' என் பெயர் இதுவரை என் கடைத் துணிப்பையில் மட்டும்தான் அச்சாகியிருக்கிறது. அந்தப் பையில் இப்போது ஊரே கருவாடு வாங்குகிறது. கல்லில் பெயர் வந்தால் அதில் யாரும் கருவாடு வாங்க முடியாது.

அக்டோபர் 9, புதன்

சிலைக்கு மாதிரியாக வாசகசாலைப் படத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். ஏன் என்றார்கள். படம் பழசு என்றேன். செத்துப்போனவர் படம் பழசாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும் என்று தலைவரம்மா கேட்டார். நான் எல்லாருக்கும் டீ சொன்னேன்.

படம் மடைகாத்தாருடையதுதான். இதை ஏன் எழுதி வைக்கிறேன் என்று தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

தூங்காமல் யோசித்து ஒரு நல்ல வழி கண்டுபிடித்தேன். மடைகாத்தார் உடைப்பில் படுத்தது குப்புற. ஆகவே சிலையும் குப்புறப் படுத்ததாக இருந்தால்தான் வரலாற்றுக்கு நியாயம். முதுகும் தலைப்பாகையும் தெரிந்தால் போதும், முகம் தேவையே இல்லை. கூட்டத்தில் எழுந்து இதை உணர்ச்சியோடு சொன்னேன்.

"அண்ணாச்சி, பஸ்ஸுக்குக் காத்து நிக்க சனம் அது மேல உக்காந்திரும்" என்றார் தலைவரம்மா. தீர்மானம் தோற்றது. ஆதரவு ஒரு ஓட்டு, என்னுடையது.

அக்டோபர் 18, வெள்ளி

சிற்பி வில்வநாதன் வந்தார். படத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொன்னார். பழைய மாலையை அடுத்த நினைவு நாள் வரை எடுக்கக் கூடாது என்பது வழக்கம் என்றேன். அப்படி ஒரு வழக்கத்தை இன்றுதான் கேள்விப்படுகிறேன் என்று தலைவரம்மா சொன்னார். இதற்குள் சிற்பி தொட்டுவிட்டார். போன வருடத்துச் செவ்வந்தி பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஈரத்துணி போட்டு ஊதுபத்திக் கரியையும் துடைத்தார். நாற்பத்தோரு வருடத்தில் முதல்முறையாக மடைகாத்தாரின் கழுத்து வெளியே வந்தது.

சட்டைக் காலர் இரண்டு பக்கமும் நெஞ்சு வரை தொங்கிக்கொண்டிருந்தது.

"இது நாய்க்காதுக் காலர்லா?" என்றார் தலைவரம்மா. அவருக்குக் காதுகுத்தியபோது எடுத்த படத்தில் அவருடைய அப்பா இதே காலர்தான் போட்டிருக்கிறாராம். 1931இல் இது எப்படி வந்தது என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். துணி சம்பந்தப்பட்ட விஷயத்தில் இந்த ஊரில் என் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. ஆகவே சொன்னேன். இது வெள்ளைக்கார துரைமார் காலர், சுதந்திரம் கிடைத்ததும் கப்பலேறிப் போய்விட்டது, எழுபதுகளில்தான் திரும்பி வந்தது என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சிற்பி அதைக் குறித்துக்கூட வைத்துக்கொண்டார்.

தொழிலில் நான் பொய் சொன்னது கிடையாது. தீபாவளிக்குத் தருகிறேன் என்று பொங்கலுக்குக் கொடுத்திருக்கிறேன், அது வேறு. இன்று சொன்னது பொய்.

அந்தக் காலரின் இடது முனை, வலது முனையைவிடக் கால் அங்குலம் நீளம். கைபழகாத யாரோ தைத்தது. அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

அக்டோபர் 26, சனி

தீபாவளி வேலை. இருபத்து மூன்று ஜாக்கெட், ஆறு சுடிதார். வரலாறு எழுத நேரமில்லை.

அக்டோபர் 30, புதன்

ஒரு சுடிதாருக்கு ஒரே பக்கம் இரண்டு கை வைத்துத் தைத்துவிட்டேன். மனசு வேறு எங்கோ இருந்தது. பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 2, சனி

சிற்பி களிமண்ணில் தலையைச் செய்து போனில் படம் அனுப்பியிருக்கிறார். மனுஷன் கெட்டிக்காரர். கரி இல்லை, புகை இல்லை, கண்ணாடிக் கீறல் இல்லை. உயிரோடு வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கிறது.

பஸ் நிறுத்தத்தில் தலைவரம்மா அதை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். பத்தரை மணி பஸ்ஸின் கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, ஆலங்குழி மாவு மில் அண்ணாச்சி எதற்குத் தலைப்பாகை கட்டியிருக்கிறார் என்று கேட்டார். பெரிய மனிதர்கள் எல்லாரும் ஒரே சாயலில்தான் இருப்பார்கள் என்று நான் சொன்னேன். அவர் விசில் ஊதிவிட்டுப் போய்விட்டார். தலைவரம்மா மட்டும் போனை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

ஆலங்குழி மாவு மில்காரன் பெயர் கொம்பையா. என் தங்கை ஆவுடையம்மாளின் புருஷன். ஒரு காலத்தில் எனக்குச் சேக்காளி. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் டவுனுக்குப் போய் வந்தவர்கள். இப்போது பேச்சுவார்த்தை இல்லை. பத்தொன்பது வருடம் ஆகிறது.

காரணத்தை எழுதினால் சின்னப் பிள்ளைச் சண்டைபோல் தெரியும். எழுதுகிறேன். அவன் மகன் கல்யாணத்துக்கு அவனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தேன். அளவு எடுக்கும்போது தொந்தி தெரியக் கூடாது என்று அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். பந்தியில் மூச்சை விட்டான். நெஞ்சுப் பொத்தான் தெறித்து நேராகச் சம்பந்தியின் பாயசத்தில் விழுந்தது. சம்பந்தி அதை முந்திரி என்று கடித்துவிட்டார். நானூறு பேர் நடுவில் கொம்பையா சொன்னான்: "மூச்சு விடாதவனுக்குத்தான் இவன் சட்டை சரியா இருக்கும். சவத்துக்குத் தைக்கத்தான் லாயக்கு."

அன்றைக்கு இலையைவிட்டு எழுந்தவன்தான். ஆலங்குழிப் பக்கம் திரும்பவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

ஆவுடை வந்திருந்தாள். கோதுமை அரைத்த மாவு இரண்டு கிலோ கொண்டு வந்தாள். எதிரி மில் மாவு என்றாலும் தங்கை கொண்டுவந்ததை என்ன செய்வது. வாங்கி வைத்தேன்.

கொம்பையாவுக்குப் புரட்டாசியில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. அடைப்பாம். கம்பி வைத்திருக்கிறார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்கிற மாதிரி நானும் நடந்துகொள்ளவில்லை.

டீ குடித்து முடித்துவிட்டு, "அண்ணே, இந்த வருசம் அந்தப் படத்துக்கு மாலை போடாத. உயிரோட இருக்க மனுசனுக்கு எத்தனை வருசம்தான் மாலை போடுவ?" என்றாள்.

அவளுக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியுமாம். கொம்பையா அவளிடம் எதையும் மறைத்ததில்லையாம். ஒவ்வொரு கார்த்திகையிலும் பஸ்ஸில் வருகிறவர்களிடம், வாசகசாலைப் படத்துக்கு இந்த வருடம் என்ன பூ என்று விசாரித்துவிடுவானாம். போன வருடம் செவ்வந்தி என்று கேள்விப்பட்டு, ஒரு ரோஜாவுக்குக்கூடவா நான் லாயக்கில்லை என்று விழுந்து விழுந்து சிரித்தானாம். நெஞ்சுவலி வந்த பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் சிரிப்பதில்லையாம்.

சிலை விஷயம் தெரியுமா என்று கேட்டேன். கண்டக்டர் சொல்லித் தெரியுமாம். யாரிடமாவது சொல்லிவிடுவானா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"'நான் வாயத் தொறக்க மாட்டேன், மச்சான் பேரு கல்லுல வரட்டும்'ன்னு சொல்லிட்டாவ" என்றாள்.

மாவுப் பையை மறந்துவிட்டுப் போனாள். அது துணிப்பை. என் கடைப் பெயர் அச்சடித்த பழைய பை. பத்தொன்பது வருடத்துக்கு முந்தியது. கருவாட்டு வாசனை இல்லை.

நவம்பர் 6, புதன்

எழுதிவிடுகிறேன்.

1983இல் வாசகசாலை திறக்கும்போது மடைகாத்தாருக்கு ஒரே ஒரு போட்டோ இருந்தது. அவருடைய மகள் கொழும்புக்குப் போகும்போது ஊரிடம் கொடுத்துவிட்டுப் போனது, யாரும் பார்க்காமல் பெட்டியில் பூட்டியே கிடந்தது. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வரும் பொறுப்பை இருபத்து மூன்று வயதான என்னிடம் கொடுத்தார்கள். பழைய போட்டோ, நாலு மூலையும் சுருண்டிருந்தது. இப்படியே கொண்டுபோனால் ஸ்டூடியோக்காரன் நம் ஊரைப் பற்றி என்ன நினைப்பான்? தையல்காரன் சுருக்கத்தைக் கண்டால் சும்மா இருப்பானா? ஈரத்துணி விரித்து, கரிப் பெட்டியை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தேன்.

துணியை எடுத்தேன். மடைகாத்தார் துணியோடு வந்துவிட்டார். போட்டோவில் தலைப்பாகையும் ஒரு காதும் மட்டும் மிச்சம் இருந்தது. வெள்ளத்துக்கே அசையாத மனிதர், என் இஸ்திரிப் பெட்டிக்குத் தாங்கவில்லை.

திறப்பு விழாவுக்கு நாலு நாள். அழுதுகொண்டு கொம்பையாவிடம் போனேன். ஊர் என்னைத் தொலைத்துவிடும் என்றேன். அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. வா வே, நான் உட்காருகிறேன் என்றான். டவுனுக்குப் போனோம். அவன் துண்டையே தலைப்பாகையாகக் கட்டினேன். ஸ்டூடியோக்காரர் தூரிகையால் மீசை வரைந்து, வயசையும் கூட்டிக் கொடுத்தார். மடைகாத்தார் மறைந்து அப்போதே நாற்பது வருடம் தாண்டியிருந்தது, அவர் முகம் நினைவிருந்தவர்களில் மிஞ்சியது ஒரே ஒருவர். அவருக்குக் கண் தெரியாது. திறப்பு விழாவில் படத்தைத் தடவிப் பார்த்து, அப்படியே இருக்கிறார் என்று அவரே சாட்சி சொன்னார்.

சட்டையை மாற்ற மறந்துவிட்டோம். அந்தத் தீபாவளிக்கு நான் அவனுக்குத் தைத்த சட்டை அது. என் கையால் தைத்த முதல் முழுச் சட்டை. காலர் கோணல் என்று தெரிந்தும் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று தீபாவளிக்கு அதையே போட்டான்.

இன்னொன்றும் இருக்கிறது. மாலை போடும்போது நான் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பேன். மந்திரம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. பத்தொன்பது வருடமாக நான் சொல்லிவந்தது, 'எங்கே, இப்ப மூச்சு விட்டுப் பாரும் வே' என்பதுதான். சொல்லும்போது எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இப்போது அவன் நெஞ்சில் கம்பி.

சொன்னதால்தான் வந்தது என்று நான் நம்பவில்லை. ஆனாலும் சொல்லியிருக்க வேண்டாம்.

நவம்பர் 12, செவ்வாய்

கல்வெட்டு எழுதுகிறவர் வந்து என் பெயருக்கு அளவெடுத்துவிட்டுப் போனார். எத்தனை பேருக்கு அளவெடுத்திருக்கிறேன். எனக்கு இப்போதுதான் ஒருவர் எடுக்கிறார். சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை.

நவம்பர் 18, திங்கள்

காலையில் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். தலைவரம்மா ஒரு தெருவிளக்குப் புகாருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இஸ்திரிப் பெட்டி, மீசை, காலர், மந்திரம் எல்லாம்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, குப்புறப் படுத்த சிலை என்று நான் கேட்ட அன்றைக்கே இதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்ததாகச் சொன்னார். பிறகு உண்மையான படம் வேறு ஏதாவது இருக்கிறதா என்றார். ஒரு காது இருந்தது, அதையும் நான் குளத்தில் போட்டுவிட்டேன் என்றேன்.

சிலை வார்த்துக் காய்ந்துவிட்டது. வெண்கல நிறப் பெயிண்டும் அடித்தாயிற்று. ஒன்றியத் தலைவர் தேதி கொடுத்துவிட்டார். இனி அதை உடைத்தால் ஆலங்குழிக்காரர்கள் மூன்று தலைமுறைக்குச் சிரிப்பார்கள். எதையுமே சொல்லாமல் விட்டால் நமக்குள்ளேயே இருந்துவிடும் என்று தலைவரம்மா சொல்லிப் பார்த்தார். எனக்கு அப்படி விட ஆசைதான். ஆனால் நாலு கிலோமீட்டர் தள்ளி ஒருத்தன் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருக்கிறானே.

கல்வெட்டின் கடைசி வரியில் என் பெயர் வேண்டாம், அந்த இடத்தில் வேறு ஒன்று போடலாம் என்றேன். சொன்னேன். எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருவிளக்குப் புகார்க் காகிதத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

"ஒரே வரிதான அண்ணாச்சி இருக்கு. நல்லா யோசிச்சுக்கிட்டீங்களா?" என்றார் கடைசியாக.

யோசித்துவிட்டேன் என்றேன். வெளியே வந்து, குளத்தங்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பெயர் கல்லில் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

நவம்பர் 27, புதன்

ஆவுடையிடம் அழைப்பிதழ் கொடுத்தனுப்பினேன். உறைமேல் அவன் பெயரை நானே எழுதினேன். மாலைக்கு டவுனில் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

விழா பத்து மணிக்கு. ஒன்றியத் தலைவர் பன்னிரண்டுக்கு வந்தார். அதுவரை மைக் செட்டுக்காரர் 'ஹலோ மைக் டெஸ்ட்டிங்' என்றே ஊரைக் காத்தார். ஆலங்குழியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்திருந்தார்கள். எங்கள் சிலை அவர்கள் சிலையைவிட உயரமா என்று பார்க்க ஒருவர் நூல் கொண்டு வந்திருந்தார். முன்வரிசையில் ஆவுடை. பக்கத்தில் கொம்பையா. இளைத்துவிட்டான். பழைய சட்டை தோளில் தொங்கியது. யார் தைத்ததோ, கைக்குழி சரியில்லை.

திரையை இழுத்தார்கள். கைதட்டல் ஆரம்பித்துப் பாதியில் நின்றது. ஊர் முழுக்கச் சிலையைப் பார்த்தது, பிறகு முன்வரிசையைப் பார்த்தது, மறுபடியும் சிலையைப் பார்த்தது. ஒன்றியத் தலைவர் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் கும்பிட்டார்.

வாசிக்கத் தெரிந்த யாரோ கல்வெட்டைச் சத்தமாக வாசித்தார்கள். 'மடைகாத்த கோமதிநாயகம் அவர்கள் நினைவாக, சிறுமடைக்குளம் ஊர் மக்கள்.' கீழே கடைசி வரி: 'முகம் உதவி: கொம்பையா, மாவு மில், ஆலங்குழி.'

ஆலங்குழி வேனில் வந்தவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் அவர்கள் ஊர் ஆள் நிற்கிறான் என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு எங்கள் ஊர் சிரித்தது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தது. சிரிக்கட்டும் என்று நின்றேன். காது மட்டும் சுட்டது.

முதல் மாலை செயலாளர் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். மாலையை எடுத்துக்கொண்டு சிலை வரை போனேன். உயிரோடு இருக்கிறவன் சிலைக்கு எப்படிப் போடுவது? திரும்பி இறங்கி வந்தேன். முன்வரிசையில் அவன் எதிரே நின்றேன். எழுந்தான். கழுத்தில் போட்டேன். வாய்க்குள் எதுவும் சொல்லவில்லை. அழுகைதான் வந்தது.

அவன் குனிந்து மாலையைப் பார்த்தான்.

"இந்த வருசந்தான் ரோசாப்பூ, என்ன மச்சான்" என்றான்.

டிசம்பர் 5, வியாழன்

வரலாற்று மலரில் எங்களுக்கும் ஆலங்குழிக்கும் சேர்த்து மூன்று பக்கம் என்று ஒன்றிய அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். நடுப்பக்கம் யாருக்கு என்று இரண்டு ஊருக்கும் பேச்சு நடக்கிறது. நான் போகவில்லை. கடையில் வேலை இருக்கிறது.

டிசம்பர் 9, திங்கள்

கொம்பையா கடைக்கு வந்தான். கையில் இரண்டரை மீட்டர் வெள்ளைத் துணி. பேரனுக்கு மொட்டையாம், அன்றைக்குப் போட தனக்கு ஒரு சட்டை வேண்டுமாம். நாய்க்காதுக் காலர் வைக்கட்டுமா என்று கேட்டேன். உன் இஷ்டம், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நீளமாக இருக்கட்டும் என்றான். நாற்பத்தோரு வருடம் கழித்துச் சொல்கிறான்.

டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பழைய வழக்கம் மாறாமல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மூச்சு விட்டுக்கிட்டே நில்லும் வே" என்றேன்.

விட்டான்.

கொம்பையா, சட்டை: தோள் 18, கை 10, கழுத்து 16. நெஞ்சு 42. ஆனால் 46 வைத்துத் தைக்க வேண்டும்.